எழுதிய தகைவும் ஏற்றிய தகைவும்

தூத்துக்குடிக் கரை குழாய்களின் கரையாக மாறி நெடுநாளாயிற்று. 1974ஆம் ஆண்டு பெருந்துறைமுகம் என்னும் தகுதி பெற்ற வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தின் அருகில், 1979 முதல் அலகு அலகாக எழுந்து 1,050 மெகாவாட் திறனை எட்டிய அனல்மின் நிலையம், தன் நீராவியைக் குளிர்விக்கக் கடல்நீரை நம்பியே இயங்குகிறது. இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிவரை 143 கிலோமீட்டர் நீளும் எரிவாயுக் குழாய் 2021 பிப்ரவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. பசுமை ஹைட்ரஜன் மையங்களாக நடுவணரசு தேர்ந்துள்ள மூன்று துறைமுகங்களுள் காண்ட்லா, பாரதீப்புடன் தூத்துக்குடியும் ஒன்று. இக்கரையில் இனிவரும் பத்தாண்டில் கட்டப்படவிருப்பவற்றுள் பெரும்பகுதி, ஒரு குழாயை மற்றொரு குழாயுடன் பொருத்தும் வேலையாகவே இருக்கும்.

குழாயைக் குழாயுடன் இணைப்பது வெல்டிங். ஆயினும் வால்வு, பம்ப், நீராவி ஒடுக்கியின் நீர்ப்பெட்டி, விரிவிணைப்பு என்று கழற்றி மாட்ட வேண்டிய இடங்கள் எங்கும் உண்டு. அங்கெல்லாம் இரண்டு எஃகு வளையங்களை எதிரெதிரே வைத்து, நடுவில் கேஸ்கெட் இட்டு, சுற்றிலும் போல்ட் முடுக்குகிறோம். அவ்வளையமே பிளேஞ்ச். 24 அங்குலம்வரை அதன் அளவுகள் அமெரிக்கத் தரநூல் பி16.5இலும், 26 முதல் 60 அங்குலம்வரை பி16.47இலும் அச்சிட்டுக் கிடக்கின்றன. குடிநீர்க் குழாய்களின் தாழ்ந்த அழுத்தத்துக்கு அமெரிக்க நீர்வழங்கல் சங்கத்தின் சி207 இன்னும் பெரிய விட்டங்களுக்கும் அட்டவணை தருகிறது. நம் நாட்டுக்கு ஐ.எஸ். 6392 உண்டு. கேட்கும் விட்டமோ அழுத்தமோ இவ்வட்டவணைகளுக்குள் அடங்காதபோது, வளையத்தின் பருமனையும் போல்ட்டின் எண்ணிக்கையையும் வடிவமைப்பாளர் தாமே கணக்கிட்டாக வேண்டும். அக்கணக்கின் தொடக்கத்தில் ஓர் எண் நிற்கிறது. போல்ட்டுக்கு எவ்வளவு தகைவை அனுமதிப்பது என்னும் எண் அது. அந்த ஓர் எண்ணைத் தேர்வதில் நம் வடிவமைப்பு அறைகளிலும் கொள்முதல் அலுவலகங்களிலும் நிலவும் அலட்சியத்தைப் பற்றியே இன்று எழுதுகிறோம்.

பரவலாகப் பயன்படும் போல்ட், ஏ193 பி7 என்னும் குரோமியம்–மாலிப்டினம் எஃகு. இரண்டரை அங்குல விட்டம்வரை அதன் மீட்சி எல்லை 720 மெகாபாஸ்கல். அறுபடும் இழுவலிமை 860. ஆனால் அமெரிக்க அழுத்தக்கலன் விதிநூல் அதற்கு அனுமதிக்கும் வடிவமைப்புத் தகைவு 172 மெகாபாஸ்கல் மட்டுமே. இழுவலிமையில் ஐந்தில் ஒன்று, மீட்சி எல்லையில் நான்கில் ஒன்று ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே அனுமதி. விட்டம் பெருகப் பெருக வெப்பப் பதம் எஃகின் உள்ளுக்குள் முழுமையாக இறங்குவதில்லை. ஆதலால் நான்கு அங்குலத்தைத் தாண்டிய பி7 போல்ட்டுக்கு அந்த எண் இன்னும் இறங்கி 130 அளவில் நிற்கிறது. பெரிய பிளேஞ்சுக்குப் பெரிய போல்ட் போட்டவர் சிலர், சிறிய போல்ட்டின் எண்ணையே அதற்கும் எழுதிவிட்டுப் போவதுண்டு.

இளம் பொறியாளர் ஒருவர் இந்த 172ஐப் பார்த்ததும் எழுப்பும் முதல் ஐயம் இயல்பானது. 720 தாங்கக்கூடிய இரும்பை 172இல் நிறுத்துவது வீண் செலவன்றோ? எஃகு உத்திரத்துக்கு மீட்சி எல்லையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கொடுக்கிறோம்; போல்ட்டுக்கு நான்கில் ஒன்றா? மேலும், களத்தில் அந்த போல்ட்டை முடுக்கும்போது 172இல் எவரும் நிறுத்துவதில்லை. பி.சி.சி.-1 என்னும் இணைப்பு வழிகாட்டியைப் பின்பற்றும் ஆலைகள் மீட்சி எல்லையில் பாதி, அதாவது 360 மெகாபாஸ்கல் அளவுக்கு முடுக்குவது வழக்கம். அழுத்தக்கலன் விதிநூலே தன் பிற்சேர்க்கை ஒன்றில், கை ஸ்பேனரால் முடுக்கும் தொழிலாளி சாதாரணமாக ஏற்றும் தகைவுக்கு ஒரு தோராய வாய்பாட்டைத் தந்து, அது வடிவமைப்புத் தகைவைத் தாண்டும் என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது. ஓர் அங்குல போல்ட்டுக்கு அவ்வாய்பாடு தரும் விடை 310 மெகாபாஸ்கல். அப்படியானால் 172 என்பது வெறும் சடங்கா?

சடங்கன்று. ஆனால் அதன் பொருள், பெயர் சொல்வதுபோல் ‘போல்ட் தாங்கும் உச்சம்’ அன்று. எத்தனை போல்ட், எவ்வளவு பருமன் என்று முடிவுசெய்யும் அளவுகோல் அது. குறைந்த எண்ணை வைத்துக் கணக்கிட்டால் போல்ட்டின் மொத்தக் குறுக்குப்பரப்பு மிகுகிறது. அப்பரப்பு மிக்கிருப்பதாலேயே, முடுக்கும்போது இருமடங்கு ஏற்றி, பிறகு பல வழிகளில் இழக்கப் போவதை இழந்தும் இணைப்பு இறுக்கமாக நிற்க முடிகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கணக்காகவே காட்டினால் இது விளங்கும்.

1,800 மில்லிமீட்டர் குழாய். அழுத்தம் 10 பார். கேஸ்கெட் 25 மில்லிமீட்டர் அகலமுள்ள நாரிழைத் தகடு. அதன் நடுவட்டம் 1,900 மில்லிமீட்டர். உள்ளே இருக்கும் நீர் இரு வளையங்களையும் பிரிக்கத் தள்ளும் விசை 289 டன். கேஸ்கெட்டின் மீது விட்டுவைக்க வேண்டிய அழுத்தத்தையும் சேர்த்தால் 311 டன். எம்36 போல்ட்டின் மரையடிப் பரப்பு ஏறத்தாழ 760 சதுர மில்லிமீட்டர். 172 மெகாபாஸ்கல் என்று கொண்டால் 24 போல்ட் வேண்டும். ‘எப்படியும் 360க்கு முடுக்கத்தானே போகிறோம், மீட்சி எல்லையில் நாற்பது விழுக்காட்டை, 288ஐ, அனுமதியாகவே எழுதிவிடுவோம்’ என்று ஒருவர் முன்வந்தால், கணக்கு 14இல் முடியும், நான்கின் மடங்காக்கி 16 வைப்பார். எட்டு போல்ட், பதினாறு நட்டு, எட்டுத் துளை மிச்சம்.

இனி அதே 16 போல்ட்டைக் களத்துக்குக் கொண்டுபோவோம். 360க்கு முடுக்கினால் மொத்தப் பிடிப்பு 446 டன். முடுக்கி முடித்த அன்றே அது குறையத் தொடங்கும். ஒரு போல்ட்டை இறுக்கும்போது பக்கத்துப் போல்ட் தளர்கிறது. கேஸ்கெட் நாள்பட அமுங்குகிறது. மரையின் முகங்கள் ஒன்றில் ஒன்று பதிகின்றன. முப்பது விழுக்காடு இழப்பு அரிதான செய்தியன்று. அதைக் கழித்தால் எஞ்சுவது 312 டன். வேண்டுவதோ 311. ஒரு டன் இடைவெளியில் நிற்கும் அவ்விணைப்பு, நீரழுத்தச் சோதனையில் நிற்காது. 15 பார் ஏற்றும்போது 466 டன் கேட்கும். 24 போல்ட் வைத்தவருக்கு அதே இழப்புக்குப் பின் 468 டன் எஞ்சும். சோதனை நூலிழையில் தேறும். 32 வைத்தவருக்கு 360வரை போகவே தேவையில்லை. 280இல் நிறுத்தினாலும் இழப்புப் போக 486 டன் இருக்கும். ஐந்தில் ஒன்று என்ற அந்தப் பழங்கணக்கு கோழைத்தனமாகத் தோன்றினாலும், களத்தின் இழப்புகளை அறிந்தவர் வைத்த முன்பணம் அது.

எண்ணிக்கை குறைவதால் வரும் இன்னொரு கேடு, இடைவெளி. 2,020 மில்லிமீட்டர் போல்ட் வட்டத்தில் 16 போல்ட் என்றால் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 400 மில்லிமீட்டர் தொலைவு. 70 மில்லிமீட்டர் பருமனுள்ள வளையம் இரு போல்ட்டுகளுக்கு இடையில் வளைந்து கொடுக்கும்; கேஸ்கெட் அங்கே பிடிப்பை இழக்கும். 24 வைத்தாலும் 264 வருகிறது. வழக்கமான இடைவெளி வாய்பாடு இந்தக் கேஸ்கெட்டுக்கு 240ஐத் தாண்டவிடாது. ஆக, தகைவுக் கணக்கு 24 என்று சொன்னாலும் இடைவெளிக் கணக்கு 28 அல்லது 32க்கு இழுத்துக்கொண்டு போகும். பெருவிட்டப் பிளேஞ்சில் அனுமதித் தகைவை உயர்த்தி மிச்சம் பிடிக்க முயல்பவர், பெரும்பாலும் இல்லாத மிச்சத்தையே பிடிக்கிறார்.

இதுவரை சொன்னது ஒரு பிழை. இதைவிடக் கள்ளத்தனமானது மற்றொன்று. அனுமதித் தகைவை 172 என்று விதிப்படி எழுதிவிட்டு, போல்ட்டை அதிகமாகவே வைத்துவிட்டு, வளையத்தின் பருமனை மட்டும் 172இன் கணக்கிலேயே விட்டுவிடுவது. விதிநூலின் வாய்பாடு, தேவைப்படும் போல்ட் பரப்புக்கும் வைத்திருக்கும் போல்ட் பரப்புக்கும் சராசரி எடுத்து, அதனை 172ஆல் பெருக்கி, அந்த விசைக்கு வளையம் தாங்குகிறதா என்று பார்க்கிறது. மேற்கண்ட 32 போல்ட் பிளேஞ்சுக்கு அது 368 டன். களத்தில் வழக்கப்படி 360 மெகாபாஸ்கலுக்கு முடுக்கினால் வளையத்தின் மேல் விழுவது 891 டன். இரண்டரை மடங்குக்குச் சற்றே குறைவு. வளையம் உடையாது, ஆனால் குடைபோல் வளையும். வெளிவிளிம்பில் கேஸ்கெட் நசுங்கும், உள்விளிம்பில் விடுபடும். ஒழுகுகிறது என்று இன்னும் முடுக்குவார்கள், இன்னும் வளையும்.

1937இல் வாட்டர்ஸ், வெஸ்ட்ராம், ராஸ்ஹைம், வில்லியம்ஸ் ஆகிய நால்வர் வெளியிட்ட தகைவு வாய்பாடுகளே இன்றும் உலகெங்கும் பிளேஞ்ச் கணக்கின் முதுகெலும்பு. வளையம் முறியாதிருக்கப் போதுமா என்பதை அவை நன்கு சொல்கின்றன. ஒழுகாதிருக்குமா என்பதற்கு அவை நேர்விடை தருவதில்லை. வளையம் எத்தனை பாகை திரும்பலாம் என்னும் விறைப்புச் சோதனை பின்னாளில் சேர்ந்தது: குழாயோடு ஒன்றாக வார்த்ததோ வெல்டிங் செய்ததோ எனில் 0.3 பாகை, தளர்வகை எனில் 0.2 பாகை. தனிவடிவமைப்பில் அச்சோதனையை முடுக்கும் தகைவுக்கே செய்து பார்ப்பவர் நம்மிடையே எத்தனை பேர்?

ஆகவே நம் கட்சி இதுதான். பெருவிட்டத் தனிப் பிளேஞ்சுக்கு ஒரு தகைவைத் தேர்ந்தால் போதாது. இரண்டைத் தேர வேண்டும். முதலாவது, விதிநூல் தரும் வடிவமைப்புத் தகைவு. போல்ட்டின் பரப்பை முடிவுசெய்ய. அதை எக்காரணத்துக்காகவும் உயர்த்தலாகாது. இரண்டாவது, முடுக்கும் தகைவு. வளையத்தையும் கேஸ்கெட்டையும் போல்ட்டையும் மூன்றையும் சோதிக்க. இரண்டும் ஒரே வரைபடத்தில் அருகருகே எழுதப்பட வேண்டும். இரண்டாம் எண் இல்லாத வரைபடம், ஃபிட்டரின் தோள்வலிமையைத் தன் கணக்கின் கடைசி வரியாக வைத்திருக்கும் வரைபடம்.

எதிர்க்கட்சிக்கும் செவிசாய்ப்போம். ‘ஐரோப்பிய விதிநூல் இதே போல்ட்டுக்கு மீட்சி எல்லையில் மூன்றில் ஒன்றையும் இழுவலிமையில் நான்கில் ஒன்றையும் வைத்து 215 தருகிறதே, அமெரிக்க விதிநூலின் இரண்டாம் பிரிவிலேயே வேறோர் அட்டவணை 241 தருகிறதே’ என்று கேட்பவர் உண்மையைத்தான் சொல்கிறார். ஆனால் அந்த 241, விரிவான தகைவுப் பகுப்பாய்வு செய்து, போல்ட்டில் இயங்கும்போது உண்மையில் ஏறும் தகைவையும் வளைவையும் தனியே வரம்பிட்டுக் காட்டுபவருக்கு உரியது. ஐரோப்பாவின் 215, அதன் சோதனை நிலைத் தகைவு, கேஸ்கெட் தரவு, முடுக்கும் முறையின் சிதறல் ஆகியவற்றோடு சேர்ந்து பொருள்படுவது. ஒரு நூலிலிருந்து எண்ணை எடுத்து, மற்றொரு நூலின் வாய்பாட்டில் இடுபவர் இரண்டு நூல்களின் பாதுகாப்பையும் இழக்கிறார். ஐரோப்பிய முறை வேண்டுமெனில் முழுவதையும் ஏற்கட்டும், நமக்கு மறுப்பில்லை. 172ஐ வேதவாக்காக நாம் கருதவில்லை. மீட்சி எல்லையில் மூன்றில் ஒன்று என்பதற்கும் பொறியியல் நியாயம் உண்டு. ஒட்டுப்போடுவதற்குத்தான் நியாயம் இல்லை.

முடுக்கும் வேலையை அருகிருந்து பார்த்தவருக்கு எண்களின் மேல் உள்ள பணிவு தானே வரும். சாரத்தின் மேல் இருவர். ஒருவர் ஸ்லாகிங் ஸ்பேனரை நட்டில் மாட்டிக் கயிற்றால் பிடித்துக்கொள்ள, மற்றவர் சம்மட்டியால் அடிக்கிறார். அடியின் ஓசை மந்தமாய்த் தொடங்கிக் கணீரென்று மாறும்போது ‘ஏறிவிட்டது’ என்கிறார். அவர் ஏற்றியிருப்பது 200ஆ, 500ஆ என்று அவ்வோசையால் அறிய முடியாது. டார்க் ரெஞ்ச் கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? மரை காய்ந்திருந்தால் எம்36 போல்ட்டில் 360 மெகாபாஸ்கல் ஏற்ற ஏறத்தாழ 1,970 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். அதே முறுக்குவிசையை, மாலிப்டினம் பசை நன்கு தடவிய மரையில் கொடுத்தால் ஏறுவது 600. மீட்சி எல்லையில் ஐந்தில் நான்கு பங்கைக் கடந்துவிட்டது. வரைபடத்தில் முறுக்குவிசை எழுதி, எந்தப் பசை என்று எழுதாமல் விடுவது பாதி மருந்துச்சீட்டு.

நீட்சியின் சிறுமையையும் கருதுக. பிடிப்பு நீளம் 180 மில்லிமீட்டர் உள்ள போல்ட் 360 மெகாபாஸ்கலில் நீள்வது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இணைப்பின் பிடிப்பு முழுவதும் அந்த நூலளவு நீட்சியில் தொங்குகிறது. கடற்காற்றுக்கு அஞ்சி வளையத்தின் பின்முகத்தில் தடிமனாக எபாக்சி பூசி, அதன்மேலேயே நட்டை இறுக்கினால், பூச்சு மெல்ல நசுங்கிப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் விட்டுக்கொடுத்தாலும் ஏற்றிய தகைவில் மூன்றில் ஒரு பங்குவரை போய்விடும். நட்டு உட்காரும் இடத்தில் பூச்சு கூடாது என்னும் ஒரு வரிக்காக எந்த ஒப்பந்தக்காரரும் விலையை உயர்த்தப் போவதில்லை. அந்த வரியை எழுதுவாரைத்தான் காணோம். கேஸ்கெட்டிலும் இதே கதை. கணக்கு நாரிழைத் தகட்டுக்குச் செய்யப்பட்டிருக்கும். கிடங்கில் அது இராது. ரப்பர்த் தகட்டை வெட்டி வைப்பார்கள். 891 டன்னை 25 மில்லிமீட்டர் அகலத்தில் தாங்கும்போது கேஸ்கெட்டின் மேல் 58 மெகாபாஸ்கல் விழுகிறது. ரப்பர் அங்கே பிதுங்கி வெளியே வந்துவிடும்.

இனி கடலுக்கு வருவோம். போல்ட் எண்ணிக்கையைக் குறைக்க விரும்புவோர் நாடும் இன்னொரு வழி, வலிமை மிகுந்த போல்ட். 10.9, 12.9 என்று தர எண் உயர உயர அனுமதித் தகைவும் உயரும் அல்லவா? உப்பளங்கள் சூழ்ந்த இக்கரையில் அவ்வழி அபாயமானது. எஃகு கடினமாக ஆக, ஹைட்ரஜன் அதனை நொறுக்கும் ஆபத்தும் வளர்கிறது. ஹைட்ரஜன் எங்கிருந்தும் வரலாம்: துத்தநாக மின்முலாம் பூசும்போது, துருப்பிடிக்கும்போது, அரிப்பைத் தடுக்கவென்று கொடுக்கும் கத்தோட் மின்னோட்டத்திலிருந்து. 2013 மார்ச்சில், சான்பிரான்சிஸ்கோ–ஓக்லந்து வளைகுடாப் பாலத்தின் புதிய கிழக்குப் பகுதியில் மூன்று அங்குல விட்டமுள்ள துத்தநாகம் தோய்த்த நங்கூரத் தண்டுகள் 96ஐ, இழுவலிமையில் 70 விழுக்காடு அளவுக்கு இழுத்துக் கட்டினார்கள். சில நாள்களிலேயே அவற்றுள் 32 முறிந்தன. அத்தண்டுகள் பல ஆண்டு நீர் தேங்கிய குழிகளில் கிடந்திருந்தன. அதற்குச் சில மாதம் முன்பு, 2012 டிசம்பரில், மெக்சிகோ வளைகுடாவில் ‘டிஸ்கவரர் இந்தியா’ என்னும் துளைப்புக் கப்பலின் ஆழ்கடல் இணைப்பு ஒன்றில் போல்ட்கள் முறிந்து 430 பீப்பாய்க்கு மேல் துளைப்புத் திரவம் கடலில் கலந்தது. ஆய்வாளர்கள் கண்ட காரணங்கள் ஹைட்ரஜன் விரிசலும், முலாமுக்குப் பின் செய்ய வேண்டிய சூடேற்றத்தைக் கோராத பழைய தரநூலும்.

இவ்விரண்டிலும் போல்ட், தாள்களின்படி, தன் வலிமைக்குள்ளேயே இருந்தது. அனுமதித் தகைவு என்பது காய்ந்த ஆய்வுக்கூடத்தில் இழுத்துப் பார்த்த வலிமையிலிருந்து பிறந்த எண். உப்பையும் ஹைட்ரஜனையும் அது அறியாது. கடல்நீர்க் குழாய்க்கும் வருங்கால ஹைட்ரஜன் குழாய்க்கும் கடினத்தன்மைக்கு உச்சவரம்பு வைத்த பி7எம் போன்ற மெல்லிய பதத்தையே நாம் பரிந்துரைப்போம். அதன் அனுமதித் தகைவு 138 மட்டுமே. போல்ட் எண்ணிக்கை கால்பங்கு கூடும். கூடட்டும். அரிப்புக்கும் இடம் வேண்டுமே: எம்36 போல்ட்டின் மரையடி சுற்றிலும் ஒன்றரை மில்லிமீட்டர் தின்னப்பட்டால் அதன் பரப்பில் 18 விழுக்காடு காணாமற்போகும்.

திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சுமைக்கு வேறோர் எச்சரிக்கை உண்டு. 2009 ஆகஸ்ட் 17 அன்று உருசியாவின் சயானோ–சுசென்ஸ்கயா நீர்மின் நிலையத்தில், சுழலியின் மூடியைப் பிடித்திருந்த தண்டுகள் முறிந்து மூடி பிய்ந்தெழ, 75 பேர் மாண்டனர். பின்னர் ஆராய்ந்த 49 தண்டுகளில் 41இல் களைப்பு விரிசல் இருந்தது. அங்கு அதிர்வும் பராமரிப்பும் பெருங்குற்றவாளிகள். போதிய முன்னிறுக்கம் உள்ள போல்ட், சுமை ஏறி இறங்குவதில் சிறுபங்கையே தான் உணரும். தளர்ந்த போல்ட் முழுவதையும் உணரும். பம்ப்பின் வாயில் மாட்டும் பிளேஞ்சுக்கு அதிகமாய் முடுக்குவதைவிடக் குறைவாய் முடுக்குவதே கொடிது என்பதற்கு இதுவே காரணம்.

பொறுப்பு யாருடையது? நீராவிக் குழாயாயின் 1950ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் ஒழுங்குவிதிகள் வந்து கேட்கும்; வரைபடத்துக்கு ஒப்புதல் வேண்டும். எரிவாயுக் குழாயாயின் பெட்ரோலிய, இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் உண்டு. கடல்நீர்க் குளிர்விப்புக் குழாயும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் குழாயும் அவ்விரு வேலிக்கும் வெளியே நிற்கின்றன. குடிநீராக்கும் ஆலைகளை மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் பார்த்துவிட்டோம். தென்கரையிலும் அத்தகைய ஆலைகள் வரும். அங்கே சட்டம் என்பது ஒப்பந்தப்புள்ளி ஆவணம்தான். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அது கிடைக்கும், எழுதாதது கிடைக்காது.

தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் குறைந்த விலைக்கே வழிவிடுகிறது என்று பொறியாளர் குறைபடுவது வழக்கம். அக்குறையில் பாதியே நியாயம். குறைந்த விலை எதனைக் கைவிட்டுக் குறைந்தது என்று ஒப்பிட, ஆவணத்தில் தொழில்நுட்பக் கூறுகளை முன்கூட்டியே எழுதிவைப்பதை அச்சட்டம் தடுக்கவில்லை. ‘பிளேஞ்ச்கள் உரிய தரநூலின்படி இருத்தல் வேண்டும்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, அந்த விட்டத்துக்கு உரிய தரநூலே இல்லை என்பதைக் கவனியாமல் கையொப்பமிடுவது சட்டத்தின் குற்றமன்று. அவ்வரியை வைத்துக்கொண்டு ஒருவர் 16 போல்ட்டுக்கும் மற்றொருவர் 32 போல்ட்டுக்கும் விலை சொன்னால், 16 போல்ட்காரருக்கே வேலை போகும். நேர்மையாய்க் கணக்கிட்டவரைத் தண்டிக்கும் ஏற்பாடு அது.

திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனத்தைச் சுற்றி வளர்ந்த பட்டறைகளுக்கு இத்தகைய பிளேஞ்சைத் தகட்டிலிருந்து வெட்டவும் உருட்டவும் கடையவும் திறமை உண்டு. குறைவது திறமையன்று, அவர்களிடம் போய்ச்சேரும் தாளில் இருக்க வேண்டிய நான்கைந்து வரிகள். வடிவமைப்புத் தகைவு இன்ன நூலின் இன்ன அட்டவணையிலிருந்து எடுக்கப்பட்டது. முடுக்கும் தகைவு இவ்வளவு, அதற்கு மேலெல்லை இவ்வளவு. அத்தகைவில் வளையத்தின் திரும்பல் சோதிக்கப்பட்டது. கேஸ்கெட் இன்னது, மாற்றினால் கணக்கு செல்லாது. மரைக்குப் பசை இன்னது.

போல்ட் வந்து சேரும்போது ஒரு சோதனையும் வேண்டும். அதற்கு இக்கரை வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. சலாபம் என்று வழங்கிய முத்துக்குளிப்பு மன்னார் வளைகுடாவில் எப்படி அறிவிக்கப்பட்டது என்பதை ஜேம்ஸ் ஹார்னெல் போன்ற மீன்வளத் துறையினர் விரிவாக எழுதிவைத்துள்ளனர். கடலடி முத்துப்பாரில் சிப்பி மிகுதியாகத் தெரிகிறது என்பதால் எவரும் படகை இறக்கவில்லை. மாதிரிக்குச் சிப்பி எடுத்து, திறந்து, முத்தை எண்ணி, மதிப்பிட்டு, தேறினாலன்றிச் சலாபம் அறிவிக்கப்படவில்லை. தேறாத ஆண்டுகள் அப்படியே விடப்பட்டன. 1961க்குப் பின் பெருஞ்சலாபம் நடைபெறவில்லை என்றாலும், அந்த ஒழுங்கு மறக்கத்தக்கதன்று. ஒவ்வோர் உருக்குத் தொகுதியிலிருந்தும் போல்ட் எடுத்து இழுத்தும், கடினத்தன்மை பார்த்தும், தேறாத தொகுதியை முழுவதும் திருப்பி அனுப்பும் விதி துறைமுக ஆணையத்துக்கும் மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் எட்டாத ஒன்றா? சான்றிதழ்த் தாளின் நகலைக் கோப்பில் சொருகுவதோடு இன்று அச்சோதனை பல இடங்களில் முடிந்துபோகிறது.

முடுக்குவோரைப் பற்றியும் ஒரு சொல். பிளேஞ்ச் இறுக்கும் வேலை ஒப்பந்தத் தொழிலாளியின் கையில், நாட்கூலிக்கு நடக்கிறது. முதல் சுற்று முப்பது விழுக்காடு, இரண்டாம் சுற்று எழுபது, மூன்றாவது முழு அளவு, எதிரெதிர் வரிசையில், பிறகு நட்டு இனி நகராது என்னும்வரை வட்டச் சுற்று. இம்முறையை அவருக்குக் கற்பிக்க ஓரிரு நாள் போதும். கற்றுத் தேறியவருக்குச் சான்றும் கூடுதல் கூலியும் தரலாம். வெல்டருக்குத் தகுதிச் சோதனை இன்றி வேலை இல்லை என்று நிலைநாட்டிவிட்ட தொழில்துறை, அவ்வெல்டிங்குக்கு இரண்டடி தள்ளி இருக்கும் போல்ட்டை யார் வேண்டுமானாலும் முடுக்கலாம் என்று விட்டிருப்பது விந்தை.

செலவு பற்றிய அச்சத்துக்கு விடை எளிது. மேற்கண்ட 1,800 மில்லிமீட்டர் பிளேஞ்சில் 16க்கும் 32க்கும் உள்ள வேறுபாடு பதினாறு போல்ட்டும் அதற்குரிய துளைகளும் சற்றே தடித்த வளையமும். ஒரு குளிர்விப்புக் குழாயை நிறுத்திக் கேஸ்கெட் மாற்ற ஒரு 210 மெகாவாட் அலகு ஒரே ஒரு நாள் நின்றாலும் ஐம்பது இலட்சம் அலகு மின்சாரம் போகும். வரவிருக்கும் ஒப்பந்தப்புள்ளிகளை எழுதுவோர் இவ்விரு தொகைகளையும் ஒரே தாளில் எழுதி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வடிவமைப்புத் தகைவும் முடுக்கும் தகைவும் தனித்தனியே குறிக்கப்படாத எந்த வரைபடத்தையும் விலை உறை பிரிக்கும் முன்பே திருப்பி அனுப்பும் விதியைச் சேர்க்க வேண்டும்.